தண்டவாளம் போட ஒரு வங்கி

2023 மார்ச் 19, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை ஆசியப் பங்குச் சந்தைகள் திறப்பதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற நெருக்கடியில், சுவிட்சர்லாந்தின் அமைச்சர்களும் மைய வங்கியின் தலைவரும் பெர்ன் நகரில் நிருபர்களைக் கூட்டினார்கள். கிரெடிட் சுவிஸ் வங்கியை, அதன் நெடுநாள் போட்டியாளரான யூபிஎஸ் 300 கோடி பிராங்குக்கு எடுத்துக்கொள்கிறது என்று அறிவித்தார்கள். 167 ஆண்டு வரலாறு ஒரு வார இறுதியில் முடிந்துபோனது.

பெரும் பணக்காரர்களின் பணத்தைப் பத்திரமாகவும், தேவைப்பட்டால் ரகசியமாகவும் வைத்துக்கொள்ளும் இடம் என்றுதான் அந்த வங்கியை உலகம் அறிந்திருந்தது. ஆனால் அது பிறந்த காரணமே வேறு. சுவிட்சர்லாந்துக்குள் ரயில் பாதை போட வேண்டும்; அதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். பாரிஸின் பெரும் வங்கியாளர்களிடம் போய் நின்றால் பணம் கிடைக்கும். கூடவே பாதை எந்த ஊர் வழியாகப் போகலாம் என்ற முடிவும் அவர்கள் கைக்குப் போய்விடும். ஆகவே பணத்தை உள்ளூரிலேயே திரட்டலாம் என்று 1856இல் ஒருவர் இறங்கினார். அவர் ஆல்ஃபிரட் எஷர். அப்போது அவருக்கு வயது 37.

வங்கி மட்டுமல்ல. அந்த நாட்டின் முதல் பெரிய ரயில் நிறுவனங்களில் ஒன்று, ஐன்ஸ்டீன் பிற்பாடு படித்த தொழில்நுட்பக் கல்லூரி, ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 15 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட சுரங்கப் பாதை என எதை எடுத்தாலும் அதன் தொடக்கத்தில் இவர் பெயர் இருக்கிறது. இத்தனைக்கும் சுவிட்சர்லாந்தின் மத்திய அமைச்சரவையில் அவர் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. மன்னரே இல்லாத நாட்டில் அவரை எதிரிகள் ‘மன்னர் ஆல்ஃபிரட்’ என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலியில் பாதிக்கு மேல் பயம்.

எஷர் 1819 பிப்ரவரி 20 அன்று சூரிச் நகரில் பிறந்தார். எஷர் என்பது சூரிச்சின் பழைய குடும்பப் பெயர்; நகர நிர்வாகத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்த வம்சம். ஆனால் ஆல்ஃபிரட் பிறந்த கிளைக்கு ஒரு கறை இருந்தது. தாத்தா 1788இல் திவாலானார். அவரை நம்பிப் பணம் கொடுத்திருந்த உள்ளூர்க்காரர்கள் பலர் சேர்ந்தே கவிழ்ந்தார்கள். சூரிச் அதைச் சுலபத்தில் மறக்கவில்லை. அப்பா ஹைன்ரிக் எஷர் அமெரிக்கா போய், வணிகத்திலும் நில வியாபாரத்திலும் பெரும் பொருள் சேர்த்துத் திரும்பினார். சூரிச் ஏரியின் இடது கரையில், ‘எங்கே’ என்ற பெயருள்ள கிராமத்தில், பெல்வுவார் என்ற மாளிகையைக் கட்டினார். செடிகளையும் பூச்சிகளையும் சேகரித்தார். அந்தப் பூச்சிகளை வகைப்படுத்த வந்த ஆஸ்வால்ட் ஹீர் என்ற இளம் இயற்கை அறிஞரே ஆல்ஃபிரட்டுக்கு ஆசிரியராகவும் அமைந்தார். பிற்காலத்தில் புதைபடிவத் தாவர ஆய்வில் பெரிய பெயராக வந்தவர் இந்த ஹீர்.

அந்தக் குடும்பப் பணத்தின் மீது இன்னொரு நிழலும் உண்டு. ஆல்ஃபிரட்டின் சித்தப்பா ஒருவர் கியூபாவில் காப்பித் தோட்டம் வைத்திருந்தார். அதில் 80க்கும் மேற்பட்ட அடிமைகள் வேலை செய்தார்கள். 1845இல் அவர் இறந்ததும் அந்தச் சொத்து சூரிச் குடும்பத்தின் கைக்கு வந்து, பின்னர் விற்கப்பட்டது. 1840களிலேயே அரசியல் எதிரிகள் இதைக் கையில் எடுத்தார்கள், குடும்பம் மறுத்தது. பிறகு நூறாண்டுக்கு மேல் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. சூரிச் நகராட்சி கேட்டுக்கொண்டதன் பேரில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட அறிக்கையில்தான் நகரத்துக்கும் அடிமை முறைக்கும் இருந்த தொடர்புகள் விரிவாக வெளிவந்தன. எஷர் குடும்பமும் அதில் இருந்தது. எஷர் தாமே அடிமைகளை வைத்து வேலை வாங்கியவர் அல்ல. ஆனால் அவர் வளர்ந்த செல்வம் எங்கிருந்தெல்லாம் வந்தது என்பதைச் சொல்லாமல் அவர் கதையைச் சொன்னால் அது பாதிக் கதைதான்.

அவர் சட்டம் படித்தார். பான், பெர்லின் நகரங்களிலும் சில காலம் இருந்துவிட்டு, சூரிச் பல்கலைக்கழகத்தில் 1842இல் டாக்டர் பட்டம் பெற்றார். பாரிஸில் சில மாதங்கள் கழித்தார். 1844இல் 25 வயதில் சூரிச் மாநில சட்டமன்ற உறுப்பினர். அடுத்த நான்கு ஆண்டுகளில் ஏறிய படிகள் தலைசுற்ற வைப்பவை: மாநிலத்தின் தலைமைச் செயலர், சட்டமன்றத் தலைவர், மாநில அமைச்சர். முப்பதைத் தொடுவதற்கு முன்பே எல்லாம்.

அவர் திறமைசாலி என்பதில் ஐயமில்லை. ஆனால் காலமும் அவருக்கு ஒத்துழைத்தது. அன்றைய சுவிட்சர்லாந்து ஒரு நாடே அல்ல. கன்டோன் எனப்படும் குட்டி மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு சேர்ந்திருந்த கூட்டு. ஒவ்வொன்றுக்கும் தனி நாணயம், தனி அளவை, தனிச் சுங்கம். ஒன்றுபட்ட நாடு வேண்டும், தொழில் வளர வேண்டும், பள்ளிக்கூடம் மதகுருக்களின் பிடியிலிருந்து விடுபட வேண்டும் என்றார்கள் எஷரைப் போன்ற லிபரல்கள். கத்தோலிக்கப் பழமைவாத மாநிலங்கள் தனியே அணி சேர்ந்தன. 1847 நவம்பரில் உள்நாட்டுப் போர் மூண்டது. நாலு வாரத்துக்குள் முடிந்தது. செத்தவர்கள் சுமார் நூறு பேர். உள்நாட்டுப் போர்களின் கணக்கில் இது மிகக் குறைவு. லிபரல்கள் ஜெயித்தார்கள். 1848இல் புதிய அரசியல் சாசனம் வந்தது. ஒரே சந்தை, ஒரே தபால், சீக்கிரமே ஒரே பிராங்க் நாணயம்.

புதிய நாடாளுமன்றத்தின் கீழவைக்கு முதலில் தேர்வான 111 பேரில் எஷரும் ஒருவர். அதிலிருந்து சாகும் வரை 34 ஆண்டுகள் தொடர்ந்து உறுப்பினர். நான்கு முறை அவைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதல் முறை அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது வயது 30.

அந்த நாற்காலியிலிருந்து 1849 இறுதியில் அவர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். ஐரோப்பாவின் தண்டவாளங்கள் நாலு பக்கமும் நெருங்கி வருகின்றன. ஆனால் சுவிட்சர்லாந்தைச் சுற்றிக்கொண்டு போகவும் திட்டங்கள் தயாராகின்றன. அப்படி நடந்தால், கண்டத்தின் நடுவில் இருந்துகொண்டே நாம் ஒதுக்குப்புறமாகிவிடுவோம் என்பது அதன் சாரம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அன்றைக்கு நாட்டுக்குள் ஓடிய ரயில் என்று சொல்லிக்கொள்ள சூரிச்சுக்கும் பாடன் நகருக்கும் இடையில் 1847இல் திறந்த பாதை ஒன்றுதான். இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். மக்கள் அதற்கு ஒரு பலகாரத்தின் பெயரை வைத்திருந்தார்கள். பாடனில் செய்யும் ‘ஸ்பானிஷ் ப்ரோட்லி’ என்ற அடுக்கு ரொட்டிமீது சூரிச் பணக்காரர்களுக்கு அவ்வளவு ஆசை. முன்பெல்லாம் அதை வாங்கிவர வேலைக்காரர்கள் விடியுமுன் நடந்தே போக வேண்டியிருந்தது. ரயில் வந்தபின் சூடாகவே வீட்டுக்கு வந்தது. பிரிட்டனும் பெல்ஜியமும் நிலக்கரியையும் இரும்பையும் ரயிலில் ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில் சுவிட்சர்லாந்தின் ரயில் பெருமை காலைப் பலகாரத்தோடு நின்றிருந்தது.

பாதை போட வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. யார் போடுவது என்பதில்தான் சண்டை. பெர்ன் மாநிலத்தின் யாகோப் ஸ்டெம்ப்ஃலி, ரயில் அரசின் கையில்தான் இருக்க வேண்டும் என்றார். நேற்றுப் பிறந்த மத்திய அரசிடம் அதற்குப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. தனியார் போடட்டும், அனுமதியை மாநிலங்கள் கொடுக்கட்டும் என்றார் எஷர். 1852இல் வந்த ரயில்வே சட்டம் எஷர் சொன்ன பக்கமே சாய்ந்தது. உடனே தொடங்கியது ஓட்டப் பந்தயம். ஒவ்வொரு ஊரும் தன் வழியாகப் பாதை வேண்டும் என்றது, கம்பெனிகள் முளைத்தன. 1860க்குள் தண்டவாளத்தின் நீளம் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. எஷர் தலைமையேற்ற நார்த்-ஈஸ்டர்ன் ரயில்வே, சூரிச்சை மையமாக வைத்து நாட்டின் வடகிழக்கை வளைத்தது.

இந்த வேகம் அரசு முதலாளியாக இருந்திருந்தால் வந்திருக்காது. அதே சமயம், ஸ்டெம்ப்ஃலி சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரே ஊருக்கு இரண்டு கம்பெனிகள் போட்டிப் பாதை போட்டன. பல பாதைகள் கடனில் மூழ்கின. 1898இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, பெரிய கம்பெனிகளை அரசே வாங்க முடிவாயிற்று. 1902 முதல் ஓடுவது அரசு ரயில்வே. வரலாறு முதலில் எஷருக்கும் பின்னர் ஸ்டெம்ப்ஃலிக்கும் தலையாட்டியிருக்கிறது.

வங்கிக் கதை இந்த வேகத்தின் தொடர்ச்சி. ரயில் கம்பெனிக்குத் தேவைப்படும் நீண்ட காலக் கடனைக் கொடுக்கும் வங்கி எதுவும் அன்று சூரிச்சில் இல்லை. பாரிஸில் 1852இல் தொடங்கிய கிரெடி மொபிலியே இதற்கு ஒரு புது வழி காட்டியிருந்தது: பொதுமக்களிடம் பங்கு விற்றுப் பெரும் முதல் திரட்டு, அதைத் தொழிலிலும் ரயிலிலும் போடு. ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்து வங்கி ஒன்று சூரிச்சில் கிளை திறக்க விரும்பியது. கிளை வேண்டாம், நாங்கள் தொடங்கும் வங்கியில் நீங்கள் பங்காளியாகச் சேருங்கள் என்று எஷரின் கூட்டம் அதைத் திருப்பிவிட்டது. 1.5 கோடி பிராங்க் முதலில் பாதி லைப்ஸிக்கிலிருந்து வந்தது. பொதுமக்களுக்கு ஒதுக்கியது 30 லட்சம்.

மூன்று நாளில் குவிந்த விண்ணப்பங்களின் மதிப்பு 21.8 கோடி! ஒதுக்கீட்டைப் போல எழுபது மடங்குக்கும் மேல். சூரிச்சின் பழைய குடும்பங்களின் பெட்டிகளில் இவ்வளவு பணம் தூங்கிக்கொண்டிருந்தது எஷருக்கே வியப்பாக இருந்திருக்க வேண்டும். திவாலானவரின் பேரன் நடத்தும் வங்கியில் பணம் போட ஊரே வரிசையில் நின்றது.

1856 ஜூலையில் சுவிஸ் கிரெடிட் வங்கி, அதாவது பின்னாளின் கிரெடிட் சுவிஸ், பிறந்தது. அதற்குப் பக்கத்திலேயே வேறு நிறுவனங்களும் வளர்ந்தன. அடுத்த ஆண்டு, வங்கியின் உத்தரவாதத்தோடு ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்று. இன்றைய சுவிஸ் லைஃப். 1861 மே மாதம் கிளாரஸ் நகரில் பிடித்த தீ சுமார் 600 கட்டடங்களைத் தின்றபோது, காப்பீட்டு நிறுவனங்களிடம் அவ்வளவு இழப்பைத் தாங்கும் பணம் இல்லை என்பது தெரிந்தது. காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தருவதற்காக 1863இல் தொடங்கிய சுவிஸ் ரீ, எஷரின் வங்கியும் சேர்ந்து முதல் போட்டதுதான்.

வங்கிக்கு முன்பே அவர் போட்ட இன்னொரு விதையும் உண்டு. முழுப் பல்கலைக்கழகம் ஒன்றை மத்திய அரசு நடத்த வேண்டும் என்பது அவர் ஆசை. பிரெஞ்சு பேசும் மாநிலங்களும் கத்தோலிக்கர்களும் எதிர்த்தார்கள். சூரிச்சின் ஆதிக்கம் என்றார்கள். கடைசியில் தொழில்நுட்பக் கல்லூரிக்கு மட்டும் சம்மதம் கிடைத்தது. 1855இல் அது சூரிச்சில் திறந்தது. ரயிலுக்குப் பொறியாளர்கள் வேண்டும், அவர்களை எத்தனை நாள் வெளியிலிருந்து கூட்டிவருவது என்ற கணக்கும் அதன் பின்னால் இருந்தது. எஷர் அதன் ஆட்சிக் குழுவில் துணைத் தலைவராகச் சாகும் வரை இருந்தார். எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்த ரான்ட்ஜன் அங்கே இயந்திரவியல் படித்தார். ஐன்ஸ்டீன் 1896இல் சேர்ந்தார்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வங்கியின் தலைவர் எஷர். அந்த வங்கியிடம் கடன் வாங்கும் ரயில் கம்பெனியின் தலைவர் எஷர். அந்த ரயிலுக்கான சட்டங்களை விவாதிக்கும் நாடாளுமன்றத்தில் பெரும் குரல் எஷர். அனுமதி தரும் மாநில அரசில் இருப்பவர்கள் எஷரின் நண்பர்கள். 1855இல் உடல்நிலை காரணமாக மாநில அமைச்சர் பதவியை விட்டுவிட்டார். ஆனால் முக்கிய முடிவுகள் பெல்வுவார் மாளிகைக்குப் போய்விட்டுத்தான் வரும் என்று ஊர் பேசியது. இதற்கு ‘எஷர் சிஸ்டம்’ என்று பெயரே வந்துவிட்டது. அன்றைய சட்டத்தில் இதற்குத் தடை எதுவும் இல்லை. அவர் லஞ்சம் வாங்கியவரும் அல்ல. ஆனாலும் ஒரே ஆள் கையில் இத்தனை கயிறுகள் இருந்தால், அவர் எதை இழுத்தாலும் மற்றவர்கள் ஆடத்தானே வேண்டும்?

எல்லோரும் ஆடத் தயாராக இல்லை. எதிர்ப்பு விண்டர்தூர் நகரிலிருந்து கிளம்பியது. சூரிச்சிலிருந்து சிறிது தூரத்தில் இருந்த தொழில் நகரம் அது. தன்னைச் சூரிச் அமுக்குகிறது என்ற குறை நெடுநாளாக உண்டு. கடன் கிடைக்காத கைத்தொழிலாளர்களும் விவசாயிகளும் அதோடு சேர்ந்தார்கள். எஷரின் வங்கி ரயிலுக்குக் கோடிகளைக் கொடுக்கிறது, எங்களுக்கு ஒரு மாடு வாங்கக் கடன் தர யார் இருக்கிறார்கள் என்பது அவர்கள் கேள்வி. 1866 முதல் பிரிட்ரிக் லோக்கர் என்ற வழக்கறிஞர் எஷரின் ஆட்களைத் தாக்கிக் காரசாரமான துண்டுநூல்களை எழுதித் தள்ளினார். அவற்றில் அவதூறும் உண்டு, உண்மையும் உண்டு. மக்கள் இரண்டையும் பறந்து பறந்து படித்தார்கள். 1867 கோடையில் சூரிச்சில் காலரா வேறு பரவி ஆட்சியாளர் மீது வெறுப்பைக் கூட்டியது. அந்த டிசம்பரில் கொட்டும் மழையில் நான்கு ஊர்களில் ஒரே நாளில் மக்கள் திரண்டு, அரசியல் சாசனத்தையே மாற்ற வேண்டும் என்றார்கள்.

1869இல் சூரிச் மாநிலத்துக்குப் புதிய சாசனம் வந்தது. சட்டங்கள் மக்கள் வாக்குக்குப் போக வேண்டும். மக்களே கையெழுத்துத் திரட்டிச் சட்டம் முன்மொழியலாம். அமைச்சர்களை நேரடியாக மக்களே தேர்ந்தெடுப்பார்கள். அடுத்த ஆண்டு, சாமானியர்களுக்குக் கடன் கொடுக்க மாநில வங்கி ஒன்றும் தொடங்கியது. இன்று சுவிட்சர்லாந்து என்றதும் நினைவுக்கு வரும் நேரடி மக்களாட்சி வேறு மாநிலங்களிலும் வேர்விட்டதுதான். ஆனால் சூரிச்சில் அது இவ்வளவு முழுமையாக வந்ததற்கு எஷரின் ஆதிக்கம் மீதிருந்த கோபம் முக்கியக் காரணம். அவர் கட்டியெழுப்பியவற்றைப் பட்டியல் போடுபவர்கள் இதை விட்டுவிடுவார்கள். அவரை எதிர்த்துக் கட்டியதையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகும்.

அதற்காக எதிரிகள் செய்ததெல்லாம் சரி என்றும் ஆகிவிடாது. எஷரின் ரயிலுக்குப் போட்டியாக விண்டர்தூர்க்காரர்கள் மக்கள் ரயில் என்று சொல்லி நேஷனல் ரயில்வேயைப் போட்டார்கள். பெரிய ஊர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டுச் சின்ன ஊர்கள் வழியாகவே போகும் பாதை. ஏறுவதற்குப் போதுமான பயணிகள் இல்லை. 1878இல் திவால். அதைச் சல்லிசாக வாங்கியது யார்? எஷர் உருவாக்கிய நார்த்-ஈஸ்டர்ன் ரயில்வேதான். ஜாமீன் போட்ட விண்டர்தூர் நகராட்சி அந்தக் கடனை 1950கள் வரை கட்டிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் எஷர் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய காரியத்தில் இறங்கியிருந்தார். ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் நடுவே ஆல்ப்ஸ் குறுக்கே நிற்கிறது. அதைத் துளைத்து ரயில் விட வேண்டும். எந்தக் கணவாய் வழியாக? கிழக்குச் சுவிட்சர்லாந்து லுக்மேனியர் என்றது, மேற்கு சிம்ப்ளான் என்றது, நடுவில் கோட்ஹார்ட். எஷர் முதலில் லுக்மேனியர் பக்கம் இருந்தார். பிறகு கணக்குகளைப் பார்த்துக் கோட்ஹார்டுக்கு மாறினார். மாறியபின் அவரைப் போல அதற்கு உழைத்தவர் வேறு யாரும் இல்லை.

1869இல் இத்தாலியோடு ஒப்பந்தம். 1871இல் புதிதாக ஒன்றுபட்ட ஜெர்மனியும் சேர்ந்தது. மொத்த மதிப்பீடு 18.7 கோடி பிராங்க். இத்தாலி 4.5 கோடி, ஜெர்மனி 2 கோடி, சுவிட்சர்லாந்து 2 கோடி மானியம். மீதி 10.2 கோடியைப் பங்காகவும் கடன் பத்திரமாகவும் தனியாரிடம் திரட்ட வேண்டும். கோட்ஹார்ட் ரயில்வே கம்பெனியின் தலைவர் நாற்காலியில் எஷர் அமர்ந்தார்.

சுரங்கம் தோண்டும் ஒப்பந்தத்தை 1872இல் ஜெனீவாக்காரர் லூயி ஃபாவ்ர் எடுத்தார். தச்சர் மகன், முறையான பொறியியல் படிப்பு இல்லை, இவ்வளவு நீளச் சுரங்கத்தைத் தோண்டிய அனுபவமும் இல்லை. எட்டே ஆண்டில் முடிப்பேன் என்று கையெழுத்திட்டார். தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 பிராங்க் அபராதம். ஆறு மாதம் போனால் 10,000. வடக்கே கோஷெனென், தெற்கே ஐரோலோ, இரண்டு முனைகளிலிருந்தும் மலையைக் குடைந்தார்கள். ஆற்று நீரின் விசையால் அழுத்திய காற்று துளையிடும் கருவிகளை இயக்கியது. துளைகளில் டைனமைட் வைத்து வெடித்தார்கள். உள்ளே வெப்பம் முப்பது டிகிரிக்கு மேல். புகை, தூசி, முழங்கால் அளவு தண்ணீர். வேலை செய்தவர்கள் பெரும்பாலும் இத்தாலியின் ஏழைக் கிராமத்து இளைஞர்கள். ஒருவன் எழுந்து ஷிப்டுக்குப் போனதும் அதே படுக்கையில் இன்னொருவன் படுப்பான். 1875 ஜூலையில் கோஷெனெனில் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆயுதம் தாங்கிய உள்ளூர்ப் படை சுட்டதில் நான்கு தொழிலாளர்கள் செத்தார்கள்.

வெடியிலும் பாறைச் சரிவிலும் வண்டியில் நசுங்கியும் இறந்தவர்கள் சுமார் இருநூறு பேர். நோயால் ஊர் திரும்பிச் செத்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். கழிப்பிட வசதியே இல்லாத சுரங்கத்துக்குள், ஈரமும் வெப்பமும் சேர்ந்த மண்ணில் கொக்கிப்புழு பெருகியது. வெளுத்துச் சோர்ந்து விழுந்த தொழிலாளர்களைப் பரிசோதித்து, புழுதான் காரணம் என்று 1880இல் கண்டவர் டூரின் நகரத்து எடுவர்டோ பெரோன்சீட்டோ. வெப்ப நாடுகளின் நோய் என்று நினைத்திருந்தது பனிமலையின் வயிற்றுக்குள் கிடைத்தது.

1876இல் குண்டு விழுந்தது. தலைமைப் பொறியாளர் ஹெல்வாக் செலவை மறுபடி கணக்கிட்டார்: 10.2 கோடி பிராங்க் பற்றாக்குறை. 1873 முதல் ஐரோப்பா முழுவதும் வணிக மந்தம். பங்கு வாங்க ஆளில்லை. நார்த்-ஈஸ்டர்ன் ரயில்வேயும் அதே நேரத்தில் தள்ளாடியது. அதுவரை எஷரைப் பணிந்தவர்களெல்லாம் அவர்தான் குற்றவாளி என்றார்கள். மத்திய அரசு மேலும் பணம் கொடுக்க வேண்டும் என்றால் எஷர் போக வேண்டும் என்ற நிலை உருவானது. அமைச்சர் எமில் வெல்டி, எஷரின் நெடுநாள் நண்பர். அவரே விலகும்படி வற்புறுத்தினார். 1878 ஜூலையில் எஷர் பதவி விலகினார். திட்டத்தைச் சுருக்கி, மூன்று நாடுகளும் மேலும் மானியம் போட்டன. சுவிட்சர்லாந்தின் பங்குக்கு மக்கள் 1879 ஜனவரியில் வாக்களித்துச் சம்மதம் தந்தார்கள்.

அந்த ஆண்டு ஜூலையில் ஃபாவ்ர் சுரங்கத்துக்குள் பார்வையிடப் போனபோது நெஞ்சு வலித்து அங்கேயே இறந்தார். வயது 53. 1880 பிப்ரவரி இறுதியில் இரு முனைகளும் சந்தித்தன. 15 கிலோமீட்டர் குடைந்து வந்த இரு துளைகளுக்கும் இடையே பக்கவாட்டில் 33 சென்டிமீட்டர், உயரத்தில் 5 சென்டிமீட்டர் விலகல்தான். துளை விழுந்ததும் முதலில் அதன் வழியாகப் போனது ஃபாவ்ரின் படம். தகரப் பெட்டியில் வைத்து அடுத்த பக்கத்துக்குக் கொடுத்தார்கள் தொழிலாளர்கள். அந்த விழாவுக்கு எஷருக்கு அழைப்பே இல்லை. 1882 மே மாதம் நடந்த திறப்பு விழாவுக்கு அழைத்தார்கள். அப்போது போக உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1882 டிசம்பர் 6 அன்று பெல்வுவாரில் இறந்தார். வயது 63.

அவர் சொந்த வாழ்க்கையில் சொல்ல அதிகம் இல்லை. 38 வயதில், தன்னில் பாதி வயதுள்ள ஆகஸ்டாவை மணந்தார். ஏழே ஆண்டில் மனைவி இறந்துவிட்டார். எஞ்சியது மகள் லிடியா மட்டுமே. அம்மா போனபோது ஆறு வயது. வளர்ந்ததும் வீட்டு நிர்வாகம், அப்பாவின் கடிதங்கள், விருந்தினர் உபசரிப்பு எல்லாம் அவர் பொறுப்பு. சூரிச்சின் பெரிய எழுத்தாளர் கோட்ஃபிரீட் கெல்லர் அந்த வீட்டுக்கு வந்து போகிறவர். கெல்லருக்கு 1861இல் மாநிலத் தலைமைச் செயலர் பதவி கிடைத்ததற்குப் பின்னால் எஷரின் வட்டம் இருந்தது.

அப்பா இறந்த அடுத்த மாதமே லிடியா கல்யாணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை, எஷரைப் பதவி விலகச் சொன்ன அதே அமைச்சர் வெல்டியின் மகன் ஃபிரிட்ரிக் எமில். அந்தக் கல்யாணம் சரிவரவில்லை. லிடியாவின் உருவத்தைத் தீட்ட வந்த ஓவியர் கார்ல் ஸ்டவ்ஃபரோடு காதல் உண்டானது.

1889 ஜூன் மாதம் சூரிச் ரயில் நிலையத்தின் முன்னால் எஷரின் வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. அதே ஆண்டு இறுதியில் அவருடைய ஒரே மகள் ரோம் நகரத்து மனநோய் மருத்துவமனையில் அடைபட்டிருந்தார். ஸ்டவ்ஃபரோடு இத்தாலியில் வாழப் போனவரை, அமைச்சர் வெல்டியின் பழைய சகாவான சுவிஸ் தூதர் தன் செல்வாக்கால் மடக்கினார். ஓவியர் சிறைக்குப் போனார். லிடியாவுக்குப் பைத்தியம் என்றார்கள். இத்தாலிய மருத்துவர்கள் பரிசோதித்து, இவருக்கு மனநோய் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். 1890இல் விவாகரத்து ஆனது. 1891 ஜனவரியில் ஸ்டவ்ஃபர் இறந்தார். அந்த டிசம்பரில் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் லிடியா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 33.

அதற்கு முந்தைய ஆண்டே பெல்வுவாரையும் தன் செல்வத்தின் பெரும்பகுதியையும் நாட்டுக்கு எழுதிவைத்துவிட்டார். அதில் பிறந்தது, கலைப் பொருள்கள் வாங்கி அருங்காட்சியகங்களுக்குக் கொடுக்கும் ஓர் அறக்கட்டளை. தன் பெயரும் வேண்டாம், அப்பா பெயரும் வேண்டாம் என்று கெல்லரின் பெயரை வைத்தார். இன்றும் அது நடக்கிறது. நாட்டின் பல அருங்காட்சியகங்களில் அது வாங்கிய ஓவியங்கள் இருக்கின்றன. பெண்கள் சொந்தக் காலில் நிற்க, கைவினைக் கலைத் துறையிலாவது, இந்தப் பணம் உதவ வேண்டும் என்பதும் லிடியாவின் விருப்பமாக இருந்தது. அறக்கட்டளைப் பத்திரம் தயாரானபோது அந்தப் பகுதியை விட்டுவிட்டார்கள்.